சிவகாமி அக்காவின் போனும் ஒரு செப்புத் தகடும்

ஓய்வுபெற்ற அன்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், ஒரு சுவர் மணிக்கூடு தந்தார்கள், கடைசியாக ஒரு பெட்டியை நீட்டினார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே வயர் இல்லாமல் போனுக்குச் சார்ஜ் ஏற்றும் தட்டு. கறுப்பு நிறம், வட்டம், தோசைக்கல்லின் குட்டி மாதிரி. வேலைத்தலத்தில் இருந்த எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நடேசு அண்ணை இதைத் தூக்கி எறிவாரா மாட்டாரா என்று தங்களுக்குள் பந்தயம் கட்டியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. நான் எறியவில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். யாருடைய யோசனை என்று கேட்கவும் இல்லை. என் மேலாளர் சுகந்தி மிஸ் மட்டும் சுவரில் தொங்கிய கலண்டரை மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

போன கிழமை அந்த வேலைத்தலத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. சார்ஜ் வயர் செருகும் துவாரமே இல்லாத போன்கள் வரப்போகின்றனவாம். இனி எல்லாம் தட்டில் வைத்துத்தானாம். "அண்ணை, நீங்கள் நல்ல நேரத்தில தப்பீட்டீங்கள்" என்று ஒருவர் எழுதி, கீழே சிரிக்கும் முகங்கள் நாலைந்து போட்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. நான் எதிலிருந்தும் தப்பவில்லை. என்ன நடந்தது என்று தெரியாதவர்கள் இப்போது அங்கே பாதிப் பேர். தெரிந்தவர்களும் அரைகுறையாகத்தான் சொல்வார்கள். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டம் ஒன்றில். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வந்து வயல் செய்தவர். எனக்கு வயலில் நாட்டம் இல்லை. வயலுக்குத் தண்ணீர் இறைத்த மோட்டரில்தான் கண். எரிந்துபோன மோட்டர்களுக்குச் செம்புக் கம்பி சுற்றும் கடையில் சேர்ந்தேன். சுற்று பிழைத்தால் செம்பு சூடாகும், சூடானால் எரியும் என்பது எனக்குப் பதினெட்டு வயதில் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது. செம்பும் சூடும் எனக்குத் தெரியாத சங்கதி அல்ல.

பிறகு வானொலிப்பெட்டி, கசெட், தொலைக்காட்சி. இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலும் கூடவே வந்தது. மீளக் குடியேறிய கையோடு போன் கோபுரங்கள் எழும்பின, எல்லார் கையிலும் போன் வந்தது. ஐம்பது வயதுக்குக் கிட்டத்தில் ஏ9 வீதியோரம் இருந்த போன் திருத்தும் வேலைத்தலம் ஒன்றுக்கு வேலை கேட்டுப் போனேன். அங்கே என்னை நேர்முகம் கண்டவர்தான் சுகந்தி மிஸ். கொழும்பில் படித்தவர். என்னை விடப் பதினைந்து வயது இளையவர். சத்தம் போட்டுப் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு செத்த போனை மேசையில் வைத்தார். நான் அரை நிமிடம் பார்த்துவிட்டு, "சார்ஜ் ஏறுற இடம் போயிட்டுது" என்றேன்.

"அது நீங்கள் நினைச்சது அண்ணை. என்ன கண்டனீங்கள்?"

"வயர் குத்தினன், லைட் வரேல்லை."

"ஓம். அதுதான் கண்டது. ரெண்டையும் ஒண்டாக்காதேங்கோ."

முப்பது வருடம் சூட்டுக்கோல் பிடித்தவனிடம் இந்தக் கதை! எழும்பிப் போகத்தான் நினைத்தேன். போயிருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது. அவருடைய வேலைத்தாளில் நடுவே ஒரு கோடு இருக்கும். இடப்பக்கம் 'கண்டது', வலப்பக்கம் 'நினைத்தது'. எந்தப் போன் வந்தாலும் இரண்டு பக்கமும் நிரப்பாமல் திருகாணி தொடக்கூடாது. முதல் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். பிறகு பழகிவிட்டது. வீட்டில் கறிக்கு உப்புக் கூடினால்கூட மனைவியிடம் கண்டதையும் நினைத்ததையும் பிரித்துச் சொல்லி வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் எனக்கு 'மெமரி நடேசு' என்று ஒரு பெயர். உடைந்த மெமரி கார்ட்டுகள் என்னிடம்தான் வரும். மல்லாவியில் இருந்து ஒரு ஆசிரியை, கணவரின் காற்சட்டைப் பையோடு சேர்த்துத் துவைத்துப் பிழிந்த ஒரு கார்ட்டைக் கொண்டுவந்தார். வளைந்து, ஒரு மூலை வெடித்திருந்தது. அதன் முதுகிலிருந்த கறுப்புப் பூச்சைச் சுரண்டி, அடியில் மினுங்கிய புள்ளிகளில் மயிர் போன்ற கம்பிகளை ஒட்டி, உள்ளே கிடந்த அத்தனை படங்களையும் வெளியே எடுத்துக் கொடுத்தேன். அப்போதைய போன்களும் அப்படித்தான். போன் செத்தாலும் அதன் சேமிப்புச் சிப்பைக் கழற்றி வேறொரு கருவியில் வைத்தால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும். சிப்பைக் கழற்றுவதில் என்னை அடிக்க ஆள் இல்லை என்ற தலைக்கனம் எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

என்னுடைய இன்னொரு பெருமை, சுவரில் ஒட்டியிருந்த ஒரு விதி.

எங்கள் பக்கத்து ஆட்கள் போன் கவருக்குள் வெறுமனே போனை மட்டும் வைப்பதில்லை. கோயில் பூ, திருநீற்றுச் சரை, செத்தவரின் சின்னப் படம், சோதனை எழுதிய பிள்ளையின் அனுமதி அட்டைத் துண்டு, எல்லாம் அதற்குள் இருக்கும். ஒருமுறை வற்றாப்பளையிலிருந்து ஒருவர் வந்தார். எங்கள் மேசையில் இருந்த ஒருவர் கவரைக் கழற்றி, உள்ளே இருந்த காய்ந்த பூவைக் குப்பைக் கூடைக்குள் தட்டிவிட்டார். வந்தவர் குந்தியிருந்து கூடைக்குள் கையை விட்டு, திருகாணிக்கும் தேயிலைத்தூளுக்கும் இடையில் ஒவ்வொரு இதழாகப் பொறுக்கினார். அம்மன் கோயில் பொங்கலில் எடுத்த பூவாம். மகளுக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்த நாளிலிருந்து கூடவே வைத்திருக்கிறாராம். நான் பக்கத்தில் குந்தி நானும் பொறுக்கினேன். வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்று மாலையே விதியை எழுதினேன். 'கவருக்குள் இருப்பதை நாம் பார்க்கக்கூடாது, தொடக்கூடாது. கழற்றிய கவரை அப்படியே காகித உறையில் இட்டு உரியவரின் கையில் கொடுத்துவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும்.' சுகந்தி மிஸ் வாசித்துவிட்டு, "நல்லது அண்ணை" என்றார். அவர் நல்லது என்று சொல்வது வருடத்தில் இரண்டு முறை நடக்கும்.

இனி சிவகாமி அக்காவின் விடயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வேலைத்தலத்துக்கு வரும் பெண்கள் எல்லோரும் அக்காதான். உண்மையில் அவர் என்னை விட இளையவர். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரம் வீடு. அவருடைய அப்பா மலையகத் தோட்டத்திலிருந்து கலவர காலத்தில் குடும்பத்தோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் காணியாக்கியவர். மகள் வெளிநாட்டில் வேலை செய்கிறாள். அவள் லீவில் வந்தபோது தன்னுடைய போனைத் தாயிடம் விட்டுப் போயிருந்தாள். நல்ல போன். வயர் இல்லாமலும் சார்ஜ் ஏறும் வகை. ஒரு திங்கட்கிழமை அதைக் கொண்டுவந்தார். வயர் செருகும் துவாரம் பாசி பிடித்து அரித்துப் போயிருந்தது.

"பார்ட்ஸ் கொழும்பால வரவேணும் அக்கா, நாலு நாள் செல்லும்" என்றேன்.

"நாலு நாளுங்களா? நான் மறுபடி வர ஏலாதுங்க. ஆனை எறங்குற நேரம், வேலிக்கு ஆள் வேணும். எப்படியாவது போன்ல லைட்டு எரிஞ்சா போதுங்க."

எனக்கு அப்போது புதுத் தொழில்நுட்பத்தில் ஒரு மோகம். வயரே தேவையில்லை அக்கா என்று வித்தைக்காரன் மாதிரி ஒரு தட்டை எடுத்து வைத்தேன். கவரைக் கழற்றி, விதிப்படி உள்ளே பார்க்காமல், உறையில் இட்டு அவர் கையில் கொடுத்தேன். வெறும் போனைத் தட்டில் வைத்தேன். சார்ஜ் ஏறியது. அவர் வாயைப் பிளந்து பார்த்தார். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது. இந்தத் தட்டுக்குள்ளும் செம்புச் சுருள், போனின் முதுகிலும் செம்புச் சுருள், ஒன்றின் துடிப்பை மற்றது வாங்கிக்கொள்ளும், மோட்டர் சுற்றிய எனக்கு இது பழைய உறவு என்றெல்லாம் கதை அளந்தேன். அரை மணி நேரம் வைத்துச் சோதித்தேன். இளஞ்சூடுதான். தட்டையும் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் கடை திறக்கும்போது அவர் வாசலில் நின்றார். கையில் ஒரு துணிப் பொட்டலம். அவிழ்த்தார். கவர் உருகிப் போனின் முதுகோடு ஒட்டியிருந்தது. பற்றறி ஊதி, திரை ஒரு பக்கம் எழும்பி நின்றது. எரிந்த பிளாஸ்ரிக் மணம் முகத்தில் அடித்தது.

"கடையில ஏத்தின சார்ஜ் ஒரு நாள் ஓடுச்சுங்க, அப்பறம் வேலிக் காவல்ல சார்ஜ் போடவே நேரமில்லைங்க. நேத்து பின்னேரம்தான் தட்டுல வச்சேன். மாட்டுக்குத் தண்ணி வச்சிட்டு வந்து பாத்தா பொகை. துணியால புடிச்சு இழுத்து மண்ணுல போட்டேன்." அழவில்லை. உதடு மட்டும் காய்ந்திருந்தது. "அண்ணே, எங்க காணிப் பெர்மிட்டு இதுக்குள்ளதான் இருக்குங்க."

அப்போதுதான் முழுக் கதையும் வந்தது. அப்பாவின் பெயரில் இருந்த காணிப் பெர்மிட்டை இடப்பெயர்வு முழுக்கப் பொலித்தீனில் சுற்றிக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவ்வளவு ஓடியும் தொலையாத தாளை, திரும்பி வந்து கட்டிய வீட்டில் கறையான் தின்றுவிட்டது. அதற்கு முன்னர் மகள் இந்தப் போனில் எடுத்த ஒரே ஒரு படம்தான் மிச்சம். வெள்ளிக்கிழமை பிரதேச செயலகத்தில் காணிக் கச்சேரி, அதாவது காணி விசாரணை. அதே காணிக்கு வேறொருவர் உரிமை கேட்கிறார். பெர்மிட் இலக்கம் தெரிந்தால் பழைய பதிவேட்டில் தேடலாம், இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று அங்குள்ள உத்தியோகத்தர் சொல்லியிருக்கிறார்.

"மகளுக்கு அந்தப் படத்தை அனுப்பேல்லையோ?"

"அவ எடுத்ததே இதுலதாங்க. அனுப்பணும்னு ஆருக்குத் தோணுச்சு? எங்க வீட்டுல சிக்னலும் கெடயாது."

சுகந்தி மிஸ் வந்து போனைப் பார்த்தார். உருகிய கவரை மெல்லிய கத்தியால் நுனி நுனியாகக் கிளப்பினார். போனின் முதுகுக்கும் கவருக்கும் நடுவே கருகிய ஒரு செப்புத் தகடு. கோடுகளும் எழுத்துகளும் கீறிய அச்சரத் தகடு. பூசாரி ஒருவர் எழுதிக் கொடுத்ததைச் சிவகாமி அக்கா போனுக்குக் காவலாக வைத்திருக்கிறார். உள்ளே காணி இருக்கிறது அல்லவா.

தட்டின் துடிப்பு முழுவதையும் அந்தச் செம்பு வாங்கியிருக்கிறது. நல்ல தட்டாக இருந்தால் இடையில் உலோகம் இருப்பதைக் கண்டுபிடித்துத் தானே நின்றுவிடும். நான் கொடுத்தது கம்பனிப் பெயர் இல்லாத தட்டு. அது நிற்கவில்லை. செம்பு அடுப்பாகிவிட்டது.

மிஸ் என் பக்கம் ஒரு வேலைத்தாளைத் தள்ளினார். முதல் தடவை அந்தப் போன் வந்தபோது நான் நிரப்பிய தாள். "கவருக்க என்ன கிடந்தது எண்டு இதில இல்லையே அண்ணை."

"நான் பாக்கேல்லை மிஸ். விதி அப்பிடி."

"ஏன் விதி அப்பிடி?"

"மரியாதை எண்டு நினைச்சன்."

அவர் பேனையை என் கையில் தந்தார். 'கண்டது' பக்கத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்தேன். 'நினைத்தது' பக்கத்தில் 'மரியாதை' என்று எழுதினேன். சிவகாமி அக்கா எதிர்க் கதிரையில் இருந்து, நான் ஏதோ மருந்துச் சீட்டு எழுதுவதாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிழை என்னுடையது என்று அவரிடம் நேராகச் சொன்னேன். பூசாரியின் தகட்டில் குற்றம் இல்லை, உங்களிலும் குற்றம் இல்லை, கேட்டிருக்க வேண்டியவன் நான் என்றேன்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க. எடுத்துருவீங்களா?"

"எடுப்பன்" என்றேன். மிஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். எடுக்க முயற்சிப்போம் என்று சொல்வதுதான் எங்கள் வழக்கம். நான் திருத்திக்கொள்ளவில்லை.

ஊதிய பற்றறியை முதலில் கழற்றி மண் வாளிக்குள் வைத்தோம். மின்பலகையை வெளியே எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். ஒரு பக்கம் பழுப்பேறியிருந்தது. நான் உடனே சூட்டுக்காற்றுக் குழாயை எடுத்தேன், சேமிப்புச் சிப்பைக் கழற்ற. மெமரி நடேசுவுக்குத் தெரிந்த வழி அதுதானே.

"கழட்டினா என்ன கிடைக்கும் அண்ணை?"

"உள்ளுக்க இருக்கிற படம்."

"இல்லை. பூட்டின பெட்டிதான் கிடைக்கும். இந்தக் காலத்துப் போனில எல்லாத்தையும் பூட்டித்தான் எழுதுது. அந்தப் பூட்டின்ர திறப்பு அங்கால மற்றச் சிப்புக்க கிடக்கு. ரெண்டையும் பிரிச்சா ஒருத்தராலயும் திறக்கேலாது. இந்தப் போன் தானே எழும்பித் தானே திறக்கவேணும்."

எனக்கு அது தெரியும். படித்திருந்தேன். ஆனால் பதறிய கை படித்ததைக் கேட்பதில்லை. குழாயைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்தேன். வந்து தாளை எடுத்து முதலில் இருந்து எழுதினேன். கண்டது: பலகைக்கு மின் கொடுத்தவுடன், பொத்தானை அமத்த முன்னரே மின்னோட்டம் ஏறுகிறது. நினைத்தது: எங்கோ குறுக்குத் தொடுப்பு, அதாவது ஷோர்ட்.

எங்கே என்று தேட ஒரு பழைய முறை உண்டு. பலகை முழுக்க ரோசின் பிசின் புகையை மெல்லப் பிடித்தால் பனி படிந்தது போல வெள்ளையாகும். பிறகு மிகக் குறைந்த மின்னைக் கொடுத்தால், குறுக்காகத் தொடுக்கும் உறுப்பு சூடாகி, அதற்கு மேலிருக்கும் வெள்ளை மட்டும் உருகிக் கறுக்கும். செவ்வாய் மதியம் ஒரு புள்ளி கறுத்தது. கடுகு அளவு உறுப்பு. அதைக் கழற்றினேன். மின்னோட்டம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. புதன் முழுக்க அடுத்ததைத் தேடினேன். அது வயரில்லாச் சார்ஜைக் கவனிக்கும் சிப்பே. போன் எழும்புவதற்கு அது தேவையில்லை. அதையும் கழற்றினேன். இதற்கிடையில் கடைக்கு வந்திருந்த அதே வகைப் பழைய போன் ஒன்றின் பற்றறியையும் திரையையும் வயர் செருகும் துவாரத்தையும் பொருத்தினோம். புதன் பின்னேரம் பொத்தானை அமத்தியபோது மேசை லேசாக அதிர்ந்தது, திரையில் வெளிச்சம் வந்தது. நான் கத்திவிட்டேன். நாலு நிமிடத்தில் மறுபடி அணைந்தது.

மூன்று தரம் எழுப்பினேன், மூன்று தரமும் நாலு நிமிடம். பலகை ஓரிடத்தில் சூடேறி அணைந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் எழும்பத் தயங்குவதையும் கண்டேன். மிஸ் இனி எழுப்ப வேண்டாம் என்று தடுத்தார். திரையில் விரலால் கோடு வரைந்து பூட்டைத் திறக்க வேண்டியவர் சிவகாமி அக்கா. கிராமத்துக் கடை ஒன்றுக்கு அழைத்துச் சொல்லி அனுப்பினோம். வியாழன் முதல் பஸ்சில் மாங்குளம் வந்து, மாறி ஏறி, பத்து மணிக்கு வந்து சேர்ந்தார்.

பலகைக்குக் கீழே ஐஸ் பொதி, மேலே ஒரு காற்றாடி. கணினியின் வயரையும் பொருத்தித் தயாராக வைத்திருந்தேன். எல்லாவற்றையும் ஒன்றாகக் கணினிக்கு இறக்கிவிட வேண்டும் என்பது என் திட்டம். அதை விளக்கிக்கொண்டிருந்தபோது மிஸ் குறுக்கிட்டு அவரிடம் கேட்டார்.

"அக்கா, இதுக்க உங்களுக்கு முதல் எது வேணும்?"

"பெர்மிட்டு."

"மகளின்ர படங்கள் வேண்டாமோ?"

"வேணுந்தாங்க. ஆனா பெர்மிட்டு."

"அப்ப அதைத்தான் முதல் எடுக்கிறம்" என்றார் மிஸ், என்னைப் பார்த்து.

எழுப்பினேன். ஒன்பது புள்ளிகள் வந்தன. சிவகாமி அக்கா விரலை வைத்து இழுத்தார். திரை அசையவில்லை. மண்வெட்டி பிடித்துக் காய்த்து வெடித்த விரல். கண்ணாடி அதை விரலாகவே மதிக்கவில்லை. மறுபடி இழுத்தார், பாதியில் அறுந்தது. பிழை என்று காட்டியது. ஒரு நிமிடம் போய்விட்டது. மிஸ் தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவருடைய விரலை நனைத்து, தன் சேலைத் தலைப்பால் ஒற்றி, "ஆறுதலாக் கீறுங்கோ அக்கா, நேரம் கிடக்கு" என்றார். நேரம் இல்லை. ஆனால் அவருடைய குரலைக் கேட்டால் இருக்கிறது என்றுதான் யாரும் நம்புவார்கள். மூன்றாம் தடவை பூட்டுத் திறந்தது.

படங்களுக்குள் போனேன். மகள், மாடு, மகள், கோயில், மகள். விரலால் தள்ளித் தள்ளிப் போகிறேன், முடியவில்லை. "இதுதாங்க, இதுதாங்க!" என்று அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். பழுப்புத் தாள், நாலாக மடித்த தடம், மேலே இலக்கம். வயரால் இறக்க வேண்டும் என்றால் இன்னும் இரண்டு இடத்தில் சம்மதம் அமத்த வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. என் சட்டைப் பையிலிருந்த என் சொந்தப் போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தேன். ஒன்று. இன்னொன்று கிட்டவாக, இலக்கத்தை மட்டும். அதன் பிறகுதான் வயரில் கை வைத்தேன். சம்மதம் கேட்டது, அமத்தினேன், இறங்கத் தொடங்கியது, போன் அணைந்தது.

அதற்குப் பிறகு அது எழும்பவே இல்லை. மாதக்கணக்காக முயன்றேன். இல்லை.

மகளின் படங்கள் போய்விட்டன. அதை அவரிடம் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார். எனக்குத்தான் தாங்க முடியவில்லை. இன்றைக்கும் அது ஆறாத புண்தான். அடுத்தடுத்து வந்த போன்களில் நான் எத்தனை படங்களைக் காப்பாற்றியிருந்தாலும் அந்தக் கணக்கு நேராகாது.

நான் எடுத்த படத்தைக் கடதாசியில் அச்சடித்துக் கொடுத்தேன். சற்றுச் சரிந்திருந்தது. ஒரு மூலையில், கண்ணாடியில் தெறித்த என் முகம், நெற்றியில் கட்டிய உருப்பெருக்கியோடு. வெள்ளிக்கிழமை கச்சேரியில் உத்தியோகத்தர் முதலில் கேட்ட கேள்வி, "இதில நிக்கிறது ஆர்?" என்பதாம். "போன் திருத்துற அண்ணனுங்க" என்றாராம் சிவகாமி அக்கா. உத்தியோகத்தர் சிரித்துவிட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு பதிவேட்டை எடுக்கச் சொல்லியிருக்கிறார். சிவகாமி அக்காவின் அப்பாவுடைய பெயர் அங்கே இருந்தது.

அடுத்த நாளே என் விதியை நான்தான் சுவரிலிருந்து கிழித்தேன். புதிதாக எழுதி ஒட்டினேன். 'கவரை உரியவரே கழற்றவேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்பது அவமரியாதை அல்ல. போனுக்குள் எது முதல் வேண்டும் என்றும் கேட்க வேண்டும். திருத்தத் தொடங்குவதற்கு முன்னரே அதை வெளியே எடுத்துவிட வேண்டும்.' வாட்ஸப் குழுவில் சிரிக்கும் முகம் போட்டவர்கள் போய் அதை ஒருமுறை வாசிக்கட்டும். துவாரம் இல்லாத போன் வந்தாலும் எங்கள் ஆட்கள் கவருக்குள் பூவும் தகடும் வைக்கத்தான் போகிறார்கள். வைக்கட்டும். நீங்கள் கேளுங்கள்.

ஒரு வருடம் கழித்துச் சிவகாமி அக்கா மறுபடி வந்தார். திருத்த ஒன்றும் கொண்டுவரவில்லை. தன் பெயருக்கு மாற்றிய புதுப் பெர்மிட் கையில். கழுத்தில் கறுப்பு நூல், அதில் ஒரு அச்சரக்கூடு. அந்தத் தகட்டைச் சுருட்டி அதற்குள் போட்டிருக்கிறாராம். புதுத் தாளை அச்சடித்து இரண்டு பிரதி எடுத்தோம், ஒரு கார்ட்டிலும் ஏற்றினோம், மகளுக்கும் அனுப்பினோம். எல்லாம் முடிந்து எழும்பியவர் மறுபடி இருந்தார்.

"அண்ணே, ஒங்க போன்லயும் ஒண்ணு எடுத்து வச்சுக்குங்க."

"என்ர போனில ஏன் அக்கா? இப்ப நாலு இடத்தில கிடக்கே."

"ஓடுற காலத்துல சாமானை ஒரு எடத்துல வைக்க மாட்டோம். நம்பின ஆள்கிட்ட ஒண்ணைக் குடுத்து வைப்போம். அந்தப் பழைய படத்தையும் அழிச்சிடாதீங்க. ஒங்க மொகம் இருக்கிற படம்."

தாளை மேசையில் விரித்து, மூலைகளைத் தன் விரல்களாலேயே அமத்திப் பிடித்தார். நான் படம் எடுத்தேன். அந்த விரல்களும் படத்தில் விழுந்தன.

அதன் பிறகு நான் மூன்று போன் மாறிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பழையதிலிருந்து புதியதுக்கு முதலில் மாற்றுவது அந்த இரண்டு படங்களையும்தான். என் பேரப்பிள்ளைகளின் படங்கள் அதற்குப் பிறகு.